வெயிலை மறக்காத செல்கள்

ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசச் சொல்வது இப்போது எல்லா ஆய்வுக்கூடங்களிலும் வழக்கமாகிவிட்டது. போன தடவை உங்கள் கூடத்துக்கு வந்தபோது, புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவர், "மேடம், உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத விஷயம் எது?" என்று கேட்டார். நான் விருது, வெளிநாட்டுப் பயணம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிறகு அடையாறு பஸ் ஸ்டாப்பில் வெயிலில் நிற்கும்போதுதான் உண்மையான பதில் நினைவுக்கு வந்தது. அதை மேடையில் சொல்லியிருக்கவும் முடியாது. மூச்சு வாங்குகிறது, முழங்காலும் ஒத்துழைப்பதில்லை. எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

நம் துறைக்குச் சம்பந்தமில்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். வெப்பம், பட்டினி, நச்சு என்று ஏதாவது நெருக்கடி வந்தால், செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வின் எழுத்து மாறாது. அதன் மேல் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன ரசாயனக் குறிகள் மாறும். எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில் அந்தக் குறிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. செல் இரண்டாகப் பிரியும்போது குறிகளையும் சேர்த்துப் படியெடுத்துக்கொள்ளும். அதனால் நெருக்கடியையே பார்க்காத பேத்திச் செல்லிலும் அதன் தடம் இருக்கும். நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது இந்தத் தடத்தைத்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இது. கே.கே. நகருக்கு அப்பால், வாய்க்கால் ஓரத்தில் வரிசையாகச் சில வீடுகள். பின்புறம் உலோகப் பொருட்களுக்கு முலாம் பூசும் பட்டறை ஒன்று. அங்கே குடியிருந்தவர்களின் ஆழ்துளைக் கிணற்றில், அதாவது போரில், தண்ணீர் மஞ்சளாக வந்தது. உடம்பெல்லாம் அரிப்பு. சில பெண்களுக்குக் கரு தங்கவில்லை. அவர்கள் பட்டறை மீது வழக்குப் போட்டிருந்தார்கள். தி.நகரில் அலுவலகம் வைத்திருந்த ஓர் இளம் வக்கீல் கட்டணம் வாங்காமல் வாதாடினார். தண்ணீரைச் சோதித்ததில் உலோகம் அளவுக்கு மீறி இருப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. வக்கீலுக்கு அது போதவில்லை.

"தண்ணியில இருக்குன்னா, 'எல்லா இடத்துலயும்தான் இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க மேடம். உடம்புக்குள்ள போய் என்ன பண்ணுதுன்னு காட்டணும்" என்றார்.

செய்து பார்க்கிறோம் என்றேன். வேலையை நஸ்ரீன் எடுத்துக்கொண்டாள். எங்கள் கூடத்தில் ஒப்பந்தத்தில் இருந்தவள். அவள் அப்பா மயிலாப்பூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வீட்டில் உருது, வெளியே தமிழ். வேலையில் கை அவ்வளவு சுத்தம். அவள் வளர்த்த செல்களில் ஒரு தடவைகூடப் பூஞ்சை பிடித்து நான் பார்த்ததில்லை.

மனித ஈரல் செல்களைக் கிண்ணங்களில் வளர்த்தாள். ஒரு பகுதிக்குச் சுத்தமான தண்ணீரில் கலந்த ஊட்டம், இன்னொரு பகுதிக்கு அந்த போர் தண்ணீர் கலந்த ஊட்டம். பிறகு போர் தண்ணீரை நிறுத்திவிட்டுப் பல தலைமுறை பிரியவிட்டுப் பார்த்தாள். போர் தண்ணீர் பட்ட செல்களில் குறிகள் மாறியிருந்தன. பேத்தி, கொள்ளுப்பேத்திச் செல்களிலும் அதே மாற்றம். முடிவு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. அறிக்கை எழுதி நான் கையெழுத்துப் போட்டேன்.

வக்கீல் அதை ஒரு பத்திரிகை நிருபரிடம் சொல்ல, "பட்டறைத் தண்ணீரால் தலைமுறை தலைமுறைக்கும் பாதிப்பு" என்று செய்தி வந்தது. நாங்கள் எழுதியது செல்லின் தலைமுறை. தமிழில் அதற்கும் மனிதத் தலைமுறைக்கும் ஒரே சொல்தான். படித்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. அந்த வாரம் எல்லோரும் கை குலுக்கினார்கள். கேண்டீனில் ஒருவர் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்.

விசாரணை நெருங்கியபோது, எதிர்த்தரப்பு ஒரு நிபுணரைக் கூட்டிவரப் போகிறது என்று வக்கீல் சொன்னார். நஸ்ரீன் உடனே, "சுத்தமான தண்ணி பகுதியை மட்டும் இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடறேன் மேடம். அவங்க எதைக் கேட்டாலும் கையில பதில் இருக்கட்டும்" என்றாள். சரி என்றேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், போர் தண்ணி படாத செல்லுலயும் அதே குறி இருக்கு."

முதலில் எனக்குப் புரியவில்லை. "கிண்ணம் மாறிப் போச்சா?"

"இல்ல. அதைத்தான் முதல்ல பாத்தேன். திரும்பவும் பண்ணேன். சுத்தமான தண்ணியில வளர்ந்த செல்லுல, பட்டறைத் தண்ணி பட்ட மாதிரியே குறி இருக்கு. மே மாசம் ஏசி நின்னுச்சே, அதான்னு நினைக்கிறேன்."

அந்த மே மாதம் எல்லோருக்கும் நினைவிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செல் வளர்க்கும் அறையில் ஏசி நின்றுபோனது. உங்களுக்குத் தெரியும், செல் வளர்க்கும் நம் இன்குபேட்டர் பெட்டிகளுக்குச் சூடாக்கத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. பூட்டிய அறை கத்திரி வெயிலில் கொதித்தால் உள்ளே இருப்பதும் கொதிக்கும். திங்கட்கிழமை வந்து பார்த்தபோது கொஞ்சம் செல்கள் செத்திருந்தன. மிச்சம் நன்றாகவே இருந்தன. சில நாளில் வழக்கம்போலப் பிரிந்தன. வடிவத்தில் ஒரு குறையும் இல்லை. புதிதாக ஆரம்பித்தால் காலம் போகும் என்று நஸ்ரீன் அவற்றையே வைத்துக்கொண்டாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

சுத்தமான தண்ணீர்ப் பகுதியை அவள் கோடைக்கு முன்பே முடித்திருந்தாள். போர் தண்ணீர்ப் பகுதியைச் செய்தது கோடைக்குப் பிறகு, வெயில் பட்ட செல்களில். இப்போது திரும்ப ஓட்டிய சுத்தமான பகுதியும் அதே செல்களில்தான். நாங்கள் தண்ணீரின் தடம் என்று நினைத்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலின் தடம். வெப்பத்தில் பிழைத்த செல்களின் வாரிசுகள் அதைச் சுமந்துகொண்டே பிரிந்திருக்கின்றன. பாடப்புத்தகத்தில் படித்ததை எங்கள் இன்குபேட்டரே செய்துகாட்டியிருக்கிறது. நாங்கள்தான் கவனிக்கவில்லை.

"அப்போ தண்ணி ஒண்ணும் பண்ணலையா?" என்று கேட்டேன்.

"பண்ணியிருக்கலாம். பண்ணாமயும் இருக்கலாம். வெயில் எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு இப்ப பிரிச்சு எடுக்க முடியாது." அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "என் ரென்யூவல் இந்த மாசம்தான் மேடம். தெரிஞ்சுதான் வந்திருக்கேன். நாளைக்கு வந்து சொல்லலாம்னு நினைச்சேன். நாளைக்கு வந்தா சொல்ல மாட்டேன்னு தோணுச்சு."

அவள் அழவில்லை. எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கே மயிலாப்பூர் போனேன். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அங்கேதான் இருந்தார். பெயர் வேண்டாம். முன்பு எங்கள் தலைவர். அப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் நிறுவனக் குழுவில் அவர் சொல் எடுபடும். என்னை ஒரு நாளும் தவறான வழியில் அனுப்பாதவர்.

"வா, வா. ஆத்துல எல்லாரும் கோயிலுக்குப் போயிருக்கா. காபி நான் போடறதுதான், குடிச்சுத்தான் ஆகணும்" என்றார்.

முழுவதும் கேட்டார்.

"அந்தத் தண்ணி கெட்டதுன்னு உனக்குத் தெரியுமோன்னோ?"

"தெரியும் சார். உலோகம் இருக்கு."

"அப்போ நீ எழுதினது அவாளுக்கு விரோதமா ஒண்ணும் இல்லையே? ஏழைகள் ஜெயிக்கப் போறா. ஹியரிங் முடியட்டும். அப்பறம் நிதானமா திருப்பிப் பண்ணிண்டு ஒரு திருத்தம் போட்டுண்டா போச்சு. இப்பப் போய் சொன்னா பட்டறைக்காரன்தான் லட்டு வாங்கித் திம்பான். அந்தப் பொண்ணோட வேலையும் போகும். யாருக்கு என்ன லாபம், சொல்லு?"

அவர் சொன்னதில் பொய் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அன்பாகத்தான் சொன்னார். என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, ஆட்டோக்காரரிடம் எனக்காகப் பேரமும் பேசினார்.

இந்த இடத்தைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். நெருக்கடி வரும்போது ஒரு கெட்டவன் வந்து தப்பான யோசனை சொல்வான் என்று நினைத்துக்கொண்டிருப்போம். எனக்கு வந்தது, நான் மிகவும் மதிக்கிற மனிதரிடமிருந்து, நல்ல காரணத்தோடு, காபியோடு வந்தது. மந்தைவெளி வரை ஆட்டோவில் அவர் சொன்னபடி செய்வதாகத்தான் இருந்தேன். மந்தைவெளி சிக்னலில் நிற்கும்போது வேறொன்று தோன்றியது. அது நேர்மை பற்றிய நினைப்பு இல்லை. பயம்தான். எதிர்த்தரப்பு நிபுணர் நம் துறைக்காரர். எப்போது எதைச் செய்தீர்கள் என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். எங்கள் அறிக்கை விழும். விழும்போது, சரியாகச் செய்த தண்ணீர்ச் சோதனையையும் இழுத்துக்கொண்டு விழும். அந்த ஜனங்களிடம் இருந்த ஒரே கெட்டியான விஷயம் அது.

இதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்தேன். பயந்து எடுத்த முடிவும் சரியாக இருக்கலாம் என்பதால் சொல்கிறேன்.

மறுநாள் போனில் வக்கீலிடம் சொன்னேன். "நீங்களே வந்து அவங்ககிட்ட சொல்லுங்க மேடம். என்னால முடியாது" என்றார்.

நஸ்ரீனும் வருவேன் என்றாள். இருவரும் போனோம்.

அங்கே எல்லோருக்காகவும் பேசுகிறவள் தனம். கே.கே. நகரில் ஒரு மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்தாள். முன்பு அடையாற்றுக் கரையில் இருந்த குடும்பம். அரசாங்கம் அங்கிருந்து காலி செய்து நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் விட்டது. பிழைப்பு இல்லாமல் திரும்பி வந்து, கிடைத்த இடமாக இந்த வாய்க்கால் ஓரம் வாடகைக்கு வந்தவர்கள். எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். நாற்காலி கொண்டுவரச் சொன்னாள். பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள்.

நான் சொல்லி முடித்தேன். ஏசி நின்றது, செல்கள் சூடுபட்டது, சுத்தமான தண்ணீரிலும் அதே குறி வந்தது, எல்லாம்.

"அப்போ அது நல்ல தண்ணின்றியா?" என்றாள் தனம்.

"இல்லம்மா. அந்தத் தண்ணி கெட்டதுதான். உலோகம் இருக்கு, அது மாறல. குடிக்காதீங்க. உடம்புக்குள்ள போய் இந்தக் குறியை மாத்துதுன்னு நாங்க சொன்னோமே, அதை மட்டும் இப்ப சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதுன்னா? இருக்குதா, இல்லியா? ஒண்ணு சொல்லு."

"தெரியல."

"தெர்லன்றதுக்கு இம்மாந்தூரம் ரெண்டு பேர் வந்துகீறீங்க" என்றாள் தனம்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த ஒரு பெண் முன்னால் வந்தாள். இரண்டு முறை கருக்கலைந்தவள் என்று பிறகு தெரிந்தது. "எம் மாமியா என்னத்தான் சொல்லிக்கினு இருந்துச்சு. ராசி இல்லாதவன்னு. பேப்பர்ல வந்தப்புறம்தான் வாய மூடுச்சு. இப்போ நீ வந்து இல்லன்ற. நான் ஊட்டுக்குப் போய் இன்னா சொல்றது?"

நஸ்ரீன்தான் பேசினாள். "அக்கா, நாங்க தெரியலன்னு சொன்னது எங்க சோதனையைப் பத்தி. உங்க மேல தப்பு இல்லன்றதுக்கு எங்க சோதனையே வேணாம். உங்க மாமியார்கிட்ட நான் வந்து பேசட்டுமா?" அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள். நஸ்ரீன் அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வந்தாள். என்ன பேசினாள், கேட்டார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

நாங்கள் எழுந்தபோது தனத்தின் மகள் கவிதா என் கையைப் பிடித்தாள். நிறைமாதம். முகம் வீங்கிப்போயிருந்தது.

"மேடம், அப்போ எங்கொழந்தைக்கு ஒண்ணும் இல்லல்ல? பேப்பர்ல போட்டதுலேர்ந்து நான் தூங்கவே இல்ல. தலைமுறைக்கும் போகும்னு போட்டிருந்தாங்க. எனக்குப் பொறக்கறது, அதுக்குப் பொறக்கறதுன்னு எல்லாத்தையும் நெனச்சு நெனச்சு... இப்போ அது தப்புன்னா, ஒண்ணும் இல்லதானே?"

அவள் கண்ணில் அத்தனை ஆசை. அந்தக் கூட்டத்தில் நான் கொண்டுவந்த செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது அவள் ஒருத்திதான். "ஒண்ணுமில்லம்மா, போய் நிம்மதியா தூங்கு" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவள் அம்மாவிடமிருந்து ஆதாரத்தைப் பிடுங்கிவிட்டேன். இவளுக்கு இதையாவது கொடுக்கலாம் என்று நாக்குவரை வந்தது.

ஆனால் பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் தெரியாது என்று சொல்லியிருந்தேன். அம்மாவுக்குத் தெரியாதது மகளுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அவளை உட்காரவைத்துச் சொன்னேன். "நாங்க வச்சுப் பாத்தது கிண்ணத்துல வளர்ற செல்லு. அதுக்கு ஒரு தலைமுறைன்னா ஒரு நாள், ஒண்ணரை நாள். அது ரெண்டாப் பிரிஞ்சா அடுத்த தலைமுறை. மனுஷங்க தலைமுறை இல்ல. உன் குழந்தையைப் பத்தி எங்க அறிக்கையில ஒரு வார்த்தைகூட இல்ல. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. பேப்பர்ல வந்தப்பவே நான் வந்து இதைச் சொல்லியிருக்கணும். குழந்தை எப்படி இருக்குன்னு டாக்டர் பாத்துச் சொல்றதுதான் பேச்சு. நான் சொல்றது இல்ல."

"டாக்டர் நல்லாத்தான் கீதுன்னாரு."

"அப்போ அதை நம்பு."

அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நான் எதிர்பார்த்த அளவுக்கு முகம் தெளியவில்லை.

வெளியே வந்ததும் நஸ்ரீன், "ஒண்ணுமில்லன்னே சொல்லியிருக்கலாம் மேடம்" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இன்றைக்கும் சில நாள் அப்படித்தான் இருக்கிறது.

அறிக்கையை எழுத்துமூலம் திரும்பப் பெற்றோம். எதிர்த்தரப்பு வக்கீல் அதை நீதிமன்றத்தில் ராகம் போட்டு வாசித்தார். எங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். எங்கள் வக்கீல் தண்ணீர்ச் சோதனையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாதாடினார். அந்த நிபுணரால் அதில் கை வைக்க முடியவில்லை. வழக்கு இழுத்தது. கடைசியில் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும், பட்டறை அந்த இடத்தைவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. வியாதிக்கு நஷ்டஈடு கேட்டிருந்தார்கள். அது கிடைக்கவில்லை. எங்கள் அறிக்கை நின்றிருந்தால் கிடைத்திருக்குமோ என்று என்னைக் கேட்காதீர்கள்.

நஸ்ரீனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. குழுவில் நான் வாதாடினேன். தவறு செய்தவள் என்று சொன்னார்கள். கண்டுபிடித்தவளும் அவள்தான் என்றேன். அதற்கான கட்டம் எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் இல்லை போலிருக்கிறது. என் ஆசிரியரும் அந்தக் குழுவில் இருந்தார். அவர் எதிர்த்துப் பேசவில்லை, ஆதரித்தும் பேசவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, "நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வது குறைந்துபோனது. அவர் காலமானபோது போய்விட்டு வந்தேன்.

நஸ்ரீன் பெருங்குடிப் பக்கம் ஒரு தனியார் கூடத்தில் சேர்ந்தாள். அங்கே கெஞ்சி அனுமதி வாங்கி, சனிக்கிழமைகளில் அந்தச் சோதனையை முதலிலிருந்து செய்தாள். இந்தத் தடவை இரண்டு பகுதியும் ஒரே நாளில், ஒரே இன்குபேட்டரில், ஒரே தாயிடமிருந்து வந்த செல்களில். முடிவு வந்தபோது நான் ஓய்வு பெற்றுவிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து காட்டினாள். பட்டறைத் தண்ணீர் குறிகளை மாற்றத்தான் செய்கிறது. ஆனால் லேசாக. பெரும்பாலானவை சில தலைமுறைகளில் அழிந்துவிடுகின்றன. சில இடங்களில் மட்டும் நிற்கின்றன. வெயில் போட்ட குறிகள் அளவுக்கு ஆழம் இல்லை. ஒரு சின்னப் பத்திரிகையில் வந்தது. யாரும் செய்தி போடவில்லை. போட்டிருந்தாலும் தலைப்பில் என்ன எழுதியிருப்பார்களோ.

"முதல்ல சொன்னது பாதி சரிதான் மேடம்" என்றாள். அவளுக்கு அதில் ஒரு திருப்தி. எனக்குச் சோர்வுதான் வந்தது. பாதி சரி என்று தெரிந்துகொள்ள ஒரு பெண்ணின் வேலையும் ஒரு தெருவின் நம்பிக்கையும் போயிருந்தன. ஆனால் அந்தப் பாதியை யாராலும் இனி அசைக்க முடியாது. அதுவும் உண்மைதான்.

கவிதாவுக்குப் பெண் பிறந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாக இருக்கிறாள். மழைக்காலத்தில் சளி பிடித்தால்கூடக் கவிதா எனக்குப் போன் செய்து, "இது அதுவா இருக்குமா மேடம்?" என்று கேட்பாள். இல்லம்மா, சளிதான் என்பேன். அதைத் தைரியமாகச் சொல்ல முடிகிறது.

போன மாதம் தனம் கூப்பிட்டாள். பட்டறை போன இடம் தெரிந்துவிட்டதாம். இன்னொரு ஏரிக்கரையில், வேறு பெயரில் ஓடுகிறதாம். அங்கே குடியிருக்கிறவர்களில் ஒருத்தி தனத்துக்குத் தெரிந்தவள். போர் தண்ணீர் நிறம் மாற ஆரம்பித்திருக்கிறது.

"உன் நம்பர் கேக்குறாங்கோ. குடுக்கட்டா?"

"நான் ரிட்டயர் ஆயிட்டேன் தனம். உடம்பும் முடியல."

"தெரியும். அதான் கேட்டுக்கினு குடுக்கலாம்னு."

"என்னைப் பத்தி அவங்ககிட்ட என்னன்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"உள்ளதத்தான் சொன்னேன். அந்தம்மா தப்புன்னா தப்புன்னு வந்து மூஞ்சிக்கு நேரா சொல்லும், அதுக்குள்ள நாம பாதி செத்துடுவோம்னு சொன்னேன்."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"அதனாலதான் நம்பர் கேக்குறாங்கோ" என்றாள் தனம்.

கொடுக்கச் சொன்னேன். நஸ்ரீனுக்கும் சொல்லிவிட்டேன். அவள் தனியாக என்ன செய்வாள்? செல் வளர்க்கக் கை சுத்தமாக உள்ள இரண்டு மூன்று பேர் வேண்டும். உங்களில் யாருக்கு விருப்பமோ, வாருங்கள்.